நகையும் அச்சமும்: ‘கோழி இதயம்’ என்னும் ஒலிக்கதை பற்றிய ஓர் ஆய்வு

அஞ்சத்தக்கதைக் காட்டி அஞ்சச் செய்தல் எளிது. நகைக்கத்தக்கதைக் காட்டி அஞ்சச் செய்தலோ அரிது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்களையும் வகுத்துரைத்தார். அச்சம் தெய்வத்தாலும் விலங்காலும் கள்வராலும் அரசராலும் பிறக்கும் என்பது அவர் கொள்கை. உண்ணும் பொருள் அந்நிரலில் இடம்பெறவில்லை. உண்பொருளை நாம் ஆள்கின்றோம், அறுக்கின்றோம், சமைக்கின்றோம், செரிக்கின்றோம். நம் வயிற்றுக்குள் அடங்கும் ஒன்று நம்மை அடக்கவரும் என்று ஒருவன் உரைத்தால் கேட்போர்க்கு முதலில் தோன்றுவது நகையே. ஆயினும், கடந்த நூற்றாண்டின் அறிவியற் கதையாசிரியர் சிலர் இவ்வரிய முயற்சியில் இறங்கினர். உணவே உயிர்பெற்றுப் பகையாவதைப் பொருளாகக் கொண்டு அவர்கள் வானொலிக்கு எழுதியவற்றுள் பெரும்புகழ் பெற்ற ஒன்றனை ஈண்டு ஆராய்வாம்.

அதன் பெயர் ‘கோழி இதயம்’. அமெரிக்க நாட்டு நாடகாசிரியர் ஆர்ச் ஓபோலர் இதனை இயற்றினார். ‘லைட்ஸ் அவுட்’, அதாவது ‘விளக்கை அணையுங்கள்’ என்னும் வானொலி நிகழ்ச்சியை வில்லிஸ் கூப்பர் என்பார் 1934இல் சிகாகோ நகரில் தொடங்கினார். 1936இல் அப்பொறுப்பு ஓபோலரிடம் வந்தது. 1937ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் ‘கோழி இதயம்’ ஒலிபரப்பாயிற்று. அவ்வொலிபரப்பின் பதிவு இன்று கிடைக்கவில்லை. 1962இல் ஓபோலரே அதனைச் சுருக்கி, ‘டிராப் டெட்!’ என்னும் பெயரால் கேபிட்டல் நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டில் ஏனைய சிறு நாடகங்களோடு சேர்த்தமைத்தார். இன்று நாம் கேட்டு மதிப்பிடத்தக்கது அவ்வடிவமே. ஆதலின் இக்கட்டுரையில் வரும் மதிப்பீடு அனைத்தும் அதனையே சாரும்.

இக்கதையைப் போற்றுவோர் பலர். அச்சக்கதை எழுதுவதிற் பெயர்பெற்ற ஸ்டீபன் கிங், 1981இல் வெளிவந்த ‘டான்ஸ் மக்காபர்’ என்னும் நூலில் ஓபோலரின் வானொலிப் பணியைப் பெரிதும் பாராட்டியுள்ளார். அப்பாராட்டின் ஒரு கூறு நமக்கும் உடன்பாடே. ஆயினும், கதையை முழுமையாக நோக்குங்கால் நமக்கு எஞ்சுவது ஏமாற்றமே. அவ்வேமாற்றத்தின் காரணம் யாது என்பதே நம் வினா.

கதைப்பொருள்

ஆய்வுக்கூடத்தில் உயிருடன் காக்கப்பட்டுவந்த கோழியிதயம் ஒன்று கட்டுப்பாட்டை மீறி வளரத் தொடங்குகிறது. மணிக்கு மணி அஃது இருமடங்காகிறது. கட்டடத்தை விழுங்கி, தெருவை விழுங்கி, நகரை விழுங்கிப் பரவுகிறது. மனிதர் செய்யும் தடைகள் பயன்படவில்லை. இறுதியில் அறிவியலறிஞர் ஒருவரும் வானூர்தி ஓட்டும் ஒருவரும் வானில் பறந்தவாறு கீழே பரந்துகிடக்கும் தசைப்பரப்பைக் காண்கின்றனர். மனிதகுலத்தின் முடிவு எவ்வாறு வரும் என்று முன்னொருகால் தாம் எண்ணிப்பார்த்ததை அறிஞர் நினைவுகூர்கிறார். அணுவாற்றலாலும் வராமல், விண்மீன்களின் அழிவாலும் வராமல், ஒரு கோழியிதயத்தால் அம்முடிவு வந்ததே என்று கூறி, இது பேரண்டம் செய்த வேடிக்கை என்கிறார். பொறி நின்றுவிட, வானூர்தி அத்தசைக்கடலில் வீழ்கிறது.

இக்கதைக்கு வித்தாயமைந்தது உண்மையில் நிகழ்ந்த ஓர் ஆய்வு. நியூயார்க்கு நகரின் ராக்பெல்லர் ஆய்வு நிலையத்தில் அலெக்சிஸ் கரேல் என்னும் பிரெஞ்சு நாட்டு மருத்துவ அறிஞர், 1912ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 17ஆம் நாள் கோழிக்கருவின் இதயத்துண்டு ஒன்றைக் கண்ணாடிக் கலத்திலிட்டு வளர்க்கத் தொடங்கினார். அவருடைய உதவியாளர் ஆல்பர்ட் எபலிங் அதனைத் தொடர்ந்து பேணினார். கரேல் 1944இல் மறைந்தார். வளர்ப்போ 1946 வரை நீடித்தது. சாவாத கோழியிதயம் என்று செய்தித்தாள்கள் அதனை ஆண்டுதோறும் கொண்டாடின. உண்மையில் அங்கு இருந்தது துடிக்கும் முழு இதயம் அன்று. இதயத்துண்டிலிருந்து பெருகிய இணைப்புத் திசுவின் உயிரணுக்களே. எனினும் ‘இதயம்’ என்ற சொல் மக்கள் மனத்தைப் பற்றிக்கொண்டது. ஓபோலர் பற்றிக்கொண்டதும் அச்சொல்லையே.

ஒலியின் வெற்றி

முதலில் இக்கதையின் சிறப்பைக் கூறுதல் முறையாம். கண்ணுக்குப் புலனாகாத ஒன்றைக் காதுக்கு எவ்வாறு உணர்த்துவது என்பது வானொலி நாடகத்தின் அடிப்படைச் சிக்கல். ஓபோலர் அதற்குக் கண்ட வழி இதயத்தின் துடிப்பொலி. ஆய்வுக்கலத்திலிருந்த திசு துடித்ததா, துடிக்கவில்லையா என்பது கலைக்கு வேண்டாத வினா. துடிப்பு என்பது கேட்போன் ஒவ்வொருவனும் தன் உடலுக்குள்ளேயே சுமந்து திரியும் ஒலி. இருளில் தனித்திருந்து கேட்பவனுக்கு வானொலிப் பெட்டியிலிருந்து வரும் துடிப்பும் தன் மார்பினுள் எழும் துடிப்பும் வேறு வேறாகத் தோன்றா. அரக்கனைக் காட்டினால், எவ்வளவு பெரியவனாயினும், அவனுக்கு ஓர் எல்லை உண்டு. ஒலிக்கு அவ்வெல்லை இல்லை. பெருகிப் பெருகி வரும் துடிப்பைக் கேட்பவன் தானே அதற்கு அளவு கற்பித்துக்கொள்கிறான். இக்கதையைப் போற்றுவோர் சுட்டும் நலம் இதுவே. இதனை நாம் மறுக்கவில்லை.

ஆனால் ஓர் உத்தியின் வெற்றி கதையின் வெற்றியாகாது. துடிப்பொலியை நீக்கிவிட்டு எஞ்சுவதை நோக்கின் குறைகள் மூன்று தோன்றும்.

முதற் குறை: பொருளின் இன்றியமையாமை

ஒரு கதையில் வியத்தகு பொருள் ஒன்று இடம்பெறுமாயின், அப்பொருளே அங்கு வேண்டும், பிறிதொன்று அவ்விடத்தை நிரப்பலாகாது என்னும் கட்டாயம் இருத்தல் வேண்டும். இதனைச் சோதித்தறிய எளிய வழி உண்டு. அப்பொருளை எடுத்துவிட்டு அவ்விடத்தில் வேறொன்றை வைத்துப் பார்க்கலாம். கதை குலைந்தால் பொருள் இன்றியமையாதது. குலையாது நின்றால் அஃது ஒட்டுப்பொருள். கோழியின் இதயத்தை நீக்கித் தவளையின் இதயத்தையோ முயலின் தசையையோ வைத்துப் பார்ப்போம். கதையின் ஒரு நிகழ்ச்சியும் மாறாது. ஓர் உரையாடலும் கெடாது. மாறுவது தலைப்பும், இறுதிப் பேச்சில் வரும் ஒரு சொல்லுமே.

கோழி என்பது மனிதன் நாள்தோறும் உண்ணும் பறவை. அவன் அடுக்களையில் துண்டுதுண்டாகக் கிடப்பது. அவ்வுயிர் அவனை உண்ணத் தொடங்கிற்று என்றால் அங்கு ஓர் அறக்கேள்வி தானாகவே எழுகிறது. உண்டவனை உண்ணப்பட்டது உண்ணுமாயின் அது முறையா, பழியா, தண்டனையா? இக்கேள்வி கதையின் வாயிலில் வந்து நிற்கிறது. ஆசிரியர் கதவைத் திறக்கவில்லை. ஆங்கிலத்தில் கோழையைக் கோழிநெஞ்சன் என்னும் பொருள்படக் கூறும் வழக்கும் உண்டு. கோழையின் நெஞ்சு உலகையே விழுங்கிற்று என்னும் பொருள்முரண் தலைப்பிலேயே கிடக்கிறது. அதனையும் நாடகம் வளர்த்தெடுக்கவில்லை. கையில் கிடைத்த இரண்டு பொருள்களையும் விட்டுவிட்டுத் தலைப்பின் வேடிக்கையோடு நின்றுவிட்டது.

இரண்டாம் குறை: பெருக்கத்தின் கணக்கு

அறிவியற் கதை, அறிவியலாசிரியரின் தேர்வுத்தாள் அன்று. அதன் ஒவ்வொரு செய்தியும் ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பிக்கப்படவேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஆயினும் தானே வகுத்த விதியின் விளைவைத் தானே எண்ணிப்பார்க்கும் கடமை அதற்கு உண்டு. மணிக்கு ஒருமுறை இருமடங்காதல் என்பது இக்கதை வகுத்த விதி. இதயத்தின் எடையைப் பத்துக் கிராம் எனக் கொள்வோம். ஒருநாள் கழிந்தால் அது ஏறத்தாழ 168 டன் ஆகும். இரண்டு நாட்களில் 281 கோடி டன்னைத் தொடும். 89ஆம் மணியில் நிலவுலகின் மொத்த எடையையே விஞ்சிவிடும். நான்கு நாள் நிறைவதற்குள் இவையெல்லாம் நிகழ்ந்துவிடும்.

இக்கணக்கைப் போட்டுக் கதையை எள்ளுதல் நம் நோக்கமன்று. எடை ஒன்றுமில்லாததிலிருந்து வாராது என்பதையே சுட்ட விரும்புகிறோம். வளர்வது எதுவும் உண்டே வளர்தல் வேண்டும். அங்ஙனமாயின் இவ்விதயம் எதை உண்டு இவ்வளவு பெருகிற்று? மண்ணையா, மரத்தையா, மனிதரையா? உணவு உண்கிறது என்பதன்றோ இக்கதையின் நடுநாடி! அந்நாடியைத் தொட்டுப்பார்க்கும் வினாவிற்கு நாடகத்தில் நிறைவான விடை இல்லை. தசை பரவுகிறது, பரவுகிறது என்று மட்டுமே நாம் அறிகிறோம். வெள்ளமோ தீயோ பரவினும் இதே அச்சம்தான் பிறக்கும்.

இவ்விடத்தில் கரேலின் ஆய்வு பின்னர் அடைந்த முடிவு நினைவுகூரத்தக்கது. 1961இல் லெனார்டு ஹேஃப்ளிக், பால் மூர்ஹெட் என்னும் இருவர், கலத்தில் வளர்க்கப்படும் இயல்பான மனித உயிரணுக்கள் ஏறத்தாழ ஐம்பது முறை பெருகியபின் நின்றுவிடுகின்றன என்பதை நிறுவினர். உயிரணு சாவாதது என்னும் பழைய கொள்கை அத்துடன் தளர்ந்தது. கரேலின் வளர்ப்பு முப்பத்துநான்கு ஆண்டு நீடித்தது எவ்வாறு என்னும் ஐயம் எழுந்தது. அதற்குப் பின்வந்தோர் கூறிய காரணங்களுள் ஒன்று வியப்பூட்டுவது. அவ்வளர்ப்புக்கு ஊட்டமாக ஊற்றப்பட்டது கோழிக்கருவிலிருந்து வடித்த சாறு. அச்சாற்றிலேயே உயிருள்ள புதிய அணுக்கள் கலந்து வந்திருக்கலாம் என்பர். அவ்வாறாயின், உண்டது வாழ்ந்தது என்று உலகம் எண்ணிக்கொண்டிருக்க, ஊட்டப்பட்ட உணவே அங்கு வாழ்ந்துகொண்டிருந்தது. உண்பது எது, உணவு எது என்னும் வேறுபாடு அக்கண்ணாடிக் கலத்தினுள் மறைந்துபோயிற்று.

ஓபோலர் தம் நாடகத்தை மீண்டும் அமைத்தது 1962இல். ஹேஃப்ளிக்கின் கட்டுரையை அவர் படித்திருக்கவேண்டும் என்று கூறுதல் முறையன்று. உண்மை நிகழ்ச்சியின் அடியில் அவருடைய கதையினும் ஆழ்ந்த கதை ஒன்று கிடந்தது என்பதே நாம் கூறவருவது.

மூன்றாம் குறை: நகையை உரைத்தல்

இனி, இக்கதைக்குச் சார்பாக ஒருவர் கூறத்தக்க மறுமொழியையும் கருதுதல் வேண்டும். பொருளின் சிறுமையே இங்குக் கருத்து. மாபெருங் குலம் ஒன்று மிகச்சிறு பொருளால் அழிவதே அதன் சுவை. ஆதலின் கோழியிதயம் என்னும் அற்பத்தன்மை குறையன்று, குணமே என்று அவர் கூறலாம். இம்மறுமொழி வலியுடையது. வியப்பாகிய மருட்கை, பெருமையால் மட்டுமன்றிச் சிறுமையாலும் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கண்ட நுட்பம். அந்நுட்பத்தின்படி சிறுமையிலிருந்து வியப்பும், வியப்பிலிருந்து அச்சமும் பிறத்தல் இயலும்.

ஆனால் அது பிறக்கும் முறையொன்று உண்டு. சிறுமையைக் கேட்போன் உணரவேண்டும், உணர்ந்து நகைக்கவேண்டும், நகைத்த வாய் மூடுவதற்குள் அந்நகை அச்சமாகத் திரியவேண்டும். இந்நாடகத்தில் நிகழ்வது வேறு. இது வேடிக்கை, பேரண்டத்தின் வேடிக்கை என்று பாத்திரம் ஒன்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறது. கேட்போன் தானே கண்டு கொள்ளவேண்டியதை ஆசிரியர் முந்திக்கொண்டு உரைத்துவிடுகிறார். மெய்ப்பாடு மெய்யின்கண் தோன்றவேண்டுவது. சொல்லால் அறிவிக்கப்பட்டால் அது செய்தியாகிவிடும். இறுதிப்பேச்சு நயமானதுதான். ஆயினும் அந்நயம், முன்னே நிகழாத ஒன்றை நிகழ்ந்ததாகக் கணக்கெழுதுகிறது.

ஒப்புநோக்கு: சிமக்கின் கதை

உணவை உயிராக்கும் கதை வெற்றிபெறுதல் இயலாது போலும் என்று இதுகாறும் கூறியவற்றால் ஒருவர் முடிவுகட்டலாம். அது பொருந்தாது என்பதற்குச் சான்று உண்டு. கிளிஃபர்டு சிமக் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1956இல் ‘காலக்ஸி’ இதழில் ஒரு கதை எழுதினார். அதன் பெயரும் ‘டிராப் டெட்’ என்பதே. முன்னர்க் கூறிய இசைத்தட்டுக்கும் இதற்கும் பெயரொற்றுமையன்றி வேறு தொடர்பில்லை. இக்கதையை ‘எக்ஸ் மைனஸ் ஒன்’ என்னும் வானொலித் தொடர் 1957இல் நாடகமாக்கி ஒலிபரப்பியது. ‘காலக்ஸி’ இதழில் வந்த கதைகளை அரைமணி நாடகங்களாக்குதல் 1955 முதல் 1958 வரை நடந்த அத்தொடரின் வழக்கம்.

புதிய கோள் ஒன்றை ஆராயச் சென்ற குழுவினர்முன் விந்தையான விலங்குகள் வந்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்று முன்வந்து, தானே வீழ்ந்து மாய்கிறது. அறுத்துப் பார்த்தால் ஓருடலிலேயே இறைச்சியும் மீனும் கோழியும் கனியும் காயும் அமைந்துள்ளன. நடக்கும் பந்தி என்றே அதனைக் கூறலாம். இதனினும் அபத்தமான வேற்றுலக உயிரை எண்ணிப்பார்த்தல் அரிது. கேட்போன் நகைக்கிறான்; நகைக்கவேண்டும் என்பதே ஆசிரியர் எண்ணம். பின்னரே நகைப்பின் விலை தெரிகிறது. அவ்விலங்கை உண்டவர்கள் மெல்ல அவ்விலங்காகவே மாறுகின்றனர்.

முன்னர்க் கூறிய சோதனையை இதற்கும் செய்துபார்ப்போம். உண்ணத்தக்க விலங்கை நீக்கிவிட்டுக் கல்லையோ புகையையோ வைத்தால் கதை அக்கணமே குலைகிறது. மனிதனை வீழ்த்துவது அவன் உண்ணுதலே. உணவு இங்கே பகைவனின் உருவம் மட்டுமன்று. படையும் அதுவே, பொறியும் அதுவே. அவ்வுயிர் நம்மைத் துரத்தவில்லை. நம் பசியை எதிர்பார்த்து நிற்கிறது. மாய்ந்து வீழ்தல் அதன் தோல்வியன்று, அதன் வேட்டை. அபத்தம் எவ்வளவுக்கு மிகுகிறதோ அவ்வளவுக்கு அச்சமும் மிகுகிறது. இரண்டும் ஒரே வேரில் முளைத்தமையே காரணம். கோழியிதயமோ மனிதனின் எச்செயலோடும் பிணைக்கப்படவில்லை. அதனை உண்டவரும் இல்லை. உண்ண விரும்பியவரும் இல்லை. எனவே அதன் அழிவுச்செயல் விபத்தாக நிற்கிறது, விளைவாக முதிரவில்லை.

ஒலித்திறத்தில் ஓபோலரே மேம்பட்டவர் என்பதில் நமக்கு ஐயமில்லை. துடிப்பொலிக்கு நிகரானதொன்று சிமக்கின் கதைக்கு இயல்பாக வாய்க்கவில்லை. அவ்விலங்கின் விந்தைத் தோற்றத்தை வானொலியில் பாத்திரங்களின் பேச்சே தெரிவித்தாக வேண்டும். ஆயினும் கேட்டுமுடித்தபின் நெஞ்சில் நின்று வினவுவது சிமக்கின் கதையே. ஒலி அச்சத்தைத் தொடங்கிவைக்கும். பொருளே அதனை நிலைபெறச் செய்யும்.

கேட்டவன் செய்த திருத்தம்

‘கோழி இதயம்’ இன்றும் மறக்கப்படாமல் இருப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. நகைச்சுவைக் கலைஞர் பில் காஸ்பி, 1966இல் வெளியிட்ட ‘ஒண்டர்ஃபுல்னெஸ்’ என்னும் இசைத்தட்டில் இக்கதையைக் கேட்டு அஞ்சிய சிறுவன் ஒருவனின் நிலையை விரித்துரைத்தார். பெற்றோர் வெளியே சென்றபின் சிறுவன் வானொலியை முடுக்குகிறான். கோழியிதயம் நகரை விழுங்கித் தன் வீட்டு வாயிலுக்கே வந்துவிட்டது என நடுங்குகிறான். அது வழுக்கி விழட்டும் என்று ஜெல்லோ என்னும் இனிப்புக்கூழைத் தரையெங்கும் பூசுகிறான். இருக்கைக்குத் தீயும் மூட்டுகிறான். வழுக்கி விழுபவரோ வீடு திரும்பும் தந்தையார்.

இதனை வெறும் கேலி என்று தள்ளுதல் பொருந்தாது. மூலத்தில் இல்லாத இரண்டை இது சேர்த்தது. ஒன்று, அழிவை வானூர்தியின் உயரத்திலிருந்து வீட்டு வாயிலுக்கு இறக்கியது. மற்றொன்று, உணவை மீண்டும் கதைக்குள் கொண்டுவந்தது. உணவுப் பகையைச் சிறுவன் உணவாலேயே தடுக்க முனைகிறான்! பேதைமை நிறைந்த அச்செயலில் நகையும் அச்சமும் பிரிக்கவொண்ணாதபடி கலந்து நிற்கின்றன. நாம் நகைப்பது சிறுவனை நோக்கி. ஆயினும் அவன் அச்சம் பொய்யன்று என்பதும் நமக்குத் தெரிகிறது. மூலநாடகம் உரைத்துக் காட்டிய வேடிக்கையை இந்நகைப்பேச்சு நிகழ்த்திக் காட்டியது. மூலத்தினும் அதன் எதிரொலி நிறைவுடையதாயிற்று என்பதே அம்மூலம் தவறவிட்டதற்குச் சான்று.

முடிவுரை

இவற்றால் பெறப்படுவன: ‘கோழி இதயம்’ அபத்தமான பொருளைத் தேர்ந்தமையால் தோற்கவில்லை. அப்பொருளின் அபத்தத்தை இறுதிவரை எண்ணிப்பார்க்காமையால் தோற்றது. உண்பொருளாக இருத்தல் என்னும் அதன் தன்மை கதையின் காரணகாரியத்துள் புகவில்லை. பெருக்கம் உண்டல் ஆகவில்லை. நகை நிகழாமல் உரைக்கப்பட்டது. அதன் துடிப்பொலி மட்டும் வானொலிக் கலையின் உயர்ந்த செல்வங்களுள் ஒன்றாக நின்று நிலவும்.

இத்தகைய கதைகளை ஆராயப் புகும் மாணவர் இருவகைப் பிழைகளைத் தவிர்த்தல் வேண்டும். கோழியிதயமும் நடக்கும் பந்தியும் கற்றோர் கருதத்தக்க பொருள்களோ என்று புறக்கணித்தல் ஒன்று. வானொலிக்கதைதானே, வேடிக்கைதானே, இதில் பொருத்தம் எதற்கு என்று குறைகளை மன்னித்தல் மற்றொன்று. இரண்டும் ஒரே இகழ்ச்சியின் இருமுகங்கள். மன்னிப்பவரும் அக்கதையை இலக்கியமாகக் கருதவில்லை என்பதே உண்மை. விந்தைப்பொருள் எத்துணை நகைக்கத்தக்கதாயினும் ஆகுக. அதனை ஆசிரியன் முழுமனத்தோடு எண்ணினானா என்று வினவுதல் திறனாய்வாளன் கடன். அவ்வாறு வினவுதலே அக்கதைக்கும் அதனை இருளிலிருந்து கேட்டவர்க்கும் நாம் செய்யத்தக்க மதிப்பு.